எவரெஸ்ட் தெரியாத எவரெஸ்ட் வீடு!

மசூரி போறவங்க பெரும்பாலும் மால் ரோட்டுல மோமோ சாப்பிட்டு, செல்ஃபி எடுத்துட்டுத் திரும்பிடுவாங்க. அங்கிருந்து சுமார் 6 கி.மீ தள்ளி, ஹாத்திபாவ்ன் பக்கம் ஒரு பழைய வெள்ளைக்காரர் வீடு இருக்கு. பெயர் பார்க் எஸ்டேட். எவரெஸ்ட் சிகரத்துக்குப் பெயர் தந்த ஜார்ஜ் எவரெஸ்ட், 1830-களில் வாங்கிக் குடியிருந்த வீடு. ஒரு பக்கம் டூன் பள்ளத்தாக்கு, இன்னொரு பக்கம் பனிமலைகள். ஆனா, எவரெஸ்ட் மட்டும் அங்கிருந்து தெரியாது!

இந்த வீட்டுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாம். எவரெஸ்ட் முடித்துவைத்த வேலை ஆரம்பித்ததே சென்னையில்தான். 1802 ஏப்ரலில் பரங்கிமலைப் பக்கம், வில்லியம் லாம்டன் 100 அடி எஃகுச் சங்கிலியை வைத்து நிலத்தை அளக்க ஆரம்பித்தார். ஏழரை மைலுக்கு 57 நாள்!

கோணம் அளக்க இங்கிலாந்திலிருந்து வரவேண்டிய தியோடலைட், அரை டன் எடை. வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய், பிறகு மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். ராயபுரம் பக்கம் இன்னிக்கு கிரேன்கள் நிற்கிற துறைமுகம் அப்போ கிடையாது. கப்பல் கடலிலேயே நிற்கும். அலையைத் தாண்டி சரக்கைக் கரைசேர்த்தது மசூலா படகுக்காரர்கள். 1808-ல் தஞ்சாவூர்க் கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி நசுங்க, லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைச் சரிசெய்தார்.

1823-ல் லாம்டன் வேலையிலேயே இறந்துபோக, பொறுப்பு எவரெஸ்ட்டிடம் வந்தது. குமரிமுனையிலிருந்து டேராடூன் வரை சுமார் 2,400 கி.மீ கோட்டை 1841-ல் முடித்தார்; 1843-ல் ஓய்வு. சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்டது அவர் வேலைக்கு எடுத்த வங்காள இளைஞர் ராதாநாத் சிக்தார். 1856-ல் அறிவித்த உயரம் 29,002 அடி. இன்றைய அளவு 8,848.86 மீட்டர். வித்தியாசம் வெறும் 9 மீட்டர்தான். ஆனாலும், 1865-ல் வைத்த பெயர் எவரெஸ்ட்டுடையது. அவருக்கே அதில் இஷ்டமில்லை.

பல வருஷம் பாழடைந்து, சுவரெல்லாம் காதலர்கள் பெயர் கிறுக்கிக் கிடந்த வீட்டை இப்போ புதுப்பித்து மியூசியம் ஆக்கியிருக்காங்க. டெல்லியிலிருந்து டேராடூனுக்கு ரயில், அப்புறம் 35 கி.மீ மலைப்பாதை. அக்டோபர், நவம்பரில் போனா வானம் தெளிவா இருக்கும்.

அதுக்கு முன்னாடி ஒரு நாள் மின்சார ரயில் ஏறி பரங்கிமலைக்குப் போய்ட்டு வாங்க. கோடு ஆரம்பிச்ச இடம் அங்கேதான்.