முட்டையில் மறையும் சால்மோனெல்லா: ஆய்வுக்கூடத்தில் கண்டறிவது எப்படி?

நாமக்கல், இராசிபுரம், மோகனூர், சேந்தமங்கலம் பகுதிகளில் கோழி வளர்ப்பு இன்று பெருந்தொழிலாக விளங்குகிறது. இங்கு உற்பத்தியாகும் முட்டை பள்ளிச் சத்துணவுக் கூடங்களுக்கும், கேரளத்திற்கும், வளைகுடா நாடுகளுக்கும் செல்கிறது. அம்முட்டையில் சால்மோனெல்லா என்னும் நுண்ணுயிர் இருந்துவிட்டால், உண்பவருக்கு வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல் உண்டாகும். பண்ணையாளருக்கோ சரக்கு திரும்பிவரும் அபாயம்.

சால்மோனெல்லாவில் பல வகைகள் உண்டு. காலினாரம் என்ற வகை கோழிகளுக்கு டைபாய்டு நோயைத் தருகிறது. புல்லோரம் என்ற வகை இளங்குஞ்சுகளைக் கொல்கிறது. குஞ்சுகள் வெண்மையாகக் கழிவதைக் கண்டு இராணிக்கெட் என்று எண்ணிவிடக் கூடாது. இவ்விரண்டும் மனிதரை அரிதாகவே தாக்கும். மனிதருக்குத் தீங்கானவற்றுள் முக்கியமானவை என்டரிடிடிஸ், டைபிமூரியம் ஆகிய வகைகள். இவை குடலில் இருந்தாலும் வளர்ந்த கோழி பெரும்பாலும் நலமாகவே காணப்படும். தீவனமும் எடுக்கும், முட்டையும் இடும். ஆகவே, கண்ணால் பார்த்து இதனை அறிய இயலாது.

களைக்கொல்லி போன்ற ஊடகம்

கோழி எச்சத்தில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் கலந்துள்ளன. அவற்றுள் சில சால்மோனெல்லாக்களை எப்படிப் பிரிப்பது? நெல் வயலில் 2,4-டி தெளித்தால் அகன்ற இலைக் களைகள் மடிகின்றன, நெற்பயிர் நிற்கிறது. தேர்வு ஊடகம் வேலை செய்வதும் இவ்வாறே. நுண்ணுயிருக்கு வேண்டிய சத்துகளுடன், மற்றவற்றை அடக்கும் பித்த உப்பு, சாயம் போன்ற பொருள்களும் அதில் சேர்க்கப்படுகின்றன.

ஊடகத்தைக் கட்டியாக்குவது நம் வீடுகளில் கடல்பாசி என்று காய்ச்சும் அகர்தான். ஜெர்மனியில் ஃபேனி ஹெஸ்ஸே என்ற பெண்மணி, தம் சமையலறையில் பயன்பட்ட இப்பொருளை 1881-ஆம் ஆண்டில் ஆய்வுக்கூடத்திற்குப் பரிந்துரைத்தார்.

மூன்று கட்டங்கள்

முதலில், 25 கிராம் மாதிரியை 225 மில்லி பெப்டோன் நீரில் இட்டு, சுமார் 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 18 மணி நேரம் வைப்பார்கள். இது நாற்றங்கால் போன்றது. தீவன ஆலையின் சூட்டாலும் உலர்ச்சியாலும் நலிந்த நுண்ணுயிர்கள் இங்கு தேறுகின்றன. நேராகக் கடும் ஊடகத்தில் இட்டால் நலிந்தவை மடிந்துவிடும். நோய்க்கிருமி இல்லை என்ற தவறான முடிவு கிடைக்கும்.

அடுத்து, அதில் சிறு துளியை மாலகைட் பச்சைச் சாயமும் மக்னீசியம் குளோரைடும் கலந்த ராப்பபோர்ட் நீர்மத்தில் இட்டு, 41.5 டிகிரியில் ஒரு நாள் வைப்பார்கள். இங்கு பிற நுண்ணுயிர்கள் அடங்க, சால்மோனெல்லா பெருகும்.

மூன்றாவதாக, எக்ஸ்.எல்.டி. என்னும் சிவப்பு நிற அகர் தட்டில் இழுத்து விடுவார்கள். மறுநாள் ஈ.கோலை முளைத்தால் மஞ்சளாக இருக்கும். சால்மோனெல்லா சிவப்பாகவும், நடுவில் கருமையாகவும் காணப்படும். அது கந்தகப் பொருளிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உண்டாக்குவதே கருமைக்குக் காரணம். புல்லோரம், காலினாரம் வகைகளில் இக்கருமை குறைவாகவோ இல்லாமலோ இருக்கலாம். எனவே, நிறத்தை மட்டும் நம்பாமல் உயிர்வேதியியல் சோதனையும் ஊனீர்ச் சோதனையும் செய்தே உறுதி செய்வார்கள். இதனால்தான் முடிவு வர ஐந்தாறு நாள்கள் ஆகின்றன.

மாதிரி அனுப்பும் முறை

* மருந்து கொடுக்கும் முன்பே மாதிரி எடுக்க வேண்டும். மருந்து கொடுத்த பின் எடுத்தால் கிருமி தட்டில் முளைக்காமல் போகலாம்.
* கொட்டகையின் பல இடங்களில் புதிய எச்சத்தைச் சேகரித்துத் தூய பையில் இட வேண்டும். கோழி எப்போதும் கிருமியை வெளியேற்றுவதில்லை. ஆகவே, ஒரு மாதிரி சுத்தம் என்றால் கொட்டகை முழுவதும் சுத்தம் என்று பொருளல்ல.
* கருவாட்டுத் தூள், எலும்புத் தூள், கலவைத் தீவனம் ஆகியவற்றைத் தனித்தனியே அனுப்பவும்.
* பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றே சேர்க்கவும். உறைய விடக்கூடாது.
* கொட்டகை எண், கோழியின் வயது, கொடுத்த மருந்து ஆகியவற்றை எழுதி ஒட்டவும்.

நாமக்கல்லில் 1985-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தை இதற்கு அணுகலாம்.

முடிவு வந்த பின்

எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்ற சோதனையையும் கேட்டுப் பெறுவது நன்று. மருந்தால் சாவு குறையலாம். ஆனால் பிழைத்த கோழி கிருமியைச் சுமந்தே திரியலாம், மருந்தின் எச்சமும் முட்டையில் தங்கலாம். எலிகளை ஒழித்தல், குடிநீரில் குளோரின் இடுதல், சோதித்த தாய்க்கோழிப் பண்ணைகளில் மட்டுமே குஞ்சு வாங்குதல் ஆகியவையே நிலையான வழி. அழுக்கு முட்டையைக் குளிர்ந்த நீரில் கழுவினால் ஓட்டின் நுண்துளை வழியே கிருமி உள்ளே செல்லும். விரிசல் கண்ட முட்டையைப் பிரித்துவிட வேண்டும். வீட்டில் மஞ்சள் கருவும் கெட்டியாகும் வரை வேகவைத்து உண்பது பாதுகாப்பானது.

புதிய குஞ்சுகள் வரும்போதும், தீவனப் பொருள் மாறும்போதும் மாதிரி அனுப்பிச் சோதித்துக்கொள்வது பண்ணையாளர்களுக்கும் முட்டை உண்போருக்கும் நலம் பயக்கும்.