பள்ளிக்கூடத்தின் எல்லையை அளப்பவர் யார்?

தம் பிள்ளை எந்தப் பள்ளியில் பயில வேண்டும் என்பதைத் தாமே தீர்மானிப்பதாகப் பெற்றோர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். ஆயின் அத்தீர்மானத்தின் பெரும்பகுதி அவர்கள் அறியாமலேயே முன்கூட்டி எடுக்கப்பட்டுவிடுகிறது. எந்தத் தெருவில் பள்ளி அமையும், அது எந்த வகுப்பு வரை நடக்கும், எம்மொழியில் பாடம் சொல்லப்படும், மாணவர் குறைந்தால் அது எந்தப் பள்ளியோடு இணைக்கப்படும் என்பன யாவும் அலுவலகக் கோப்புகளில் முடிவாகின்றன. முடிவான பின்னர் செய்தி தலைமையாசிரியர் வழியாக வீட்டுக்கு வந்து சேருகிறது. அப்போது நம்மில் பலர் செய்வது ஒன்றே: பெருமூச்சு விடுதல். மகனாயின் தூரத்துப் பள்ளிக்கு அனுப்புவோம். மகளாயின் படிப்பை நிறுத்திவிடுவோம்.

இந்தப் பெருமூச்சுக்கு அவசியம் இல்லை என்பதையும், முடிவெடுக்கும் இடத்தில் பெற்றோருக்கும் ஓர் இருக்கை போடப்பட்டிருக்கிறது என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டம் வகுத்த எல்லை

குழந்தை வாழும் இடத்துக்கு அருகிலேயே அதற்கான பள்ளி இருத்தல் வேண்டும் என்ற கருத்து புதியதன்று. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, ஒரு வட்டாரத்தின் எல்லாக் குழந்தைகளும் சாதி, சமய, செல்வ வேறுபாடின்றி ஒரே அண்மைப் பள்ளியில் பயில வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அக்கருத்து சட்டமாவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 2002ஆம் ஆண்டின் 86ஆம் அரசியலமைப்புத் திருத்தம் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. 2009இல் இயற்றப்பட்ட கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டத்தை ஒட்டி மத்திய அரசு வெளியிட்ட மாதிரி விதிகள், ஐந்தாம் வகுப்பு வரை நடந்து செல்லும் தொலைவான 1 கிலோமீட்டருக்குள்ளும், ஆறு முதல் எட்டு வரை 3 கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என வரையறுத்தன. இவ்வளவும் பலர் அறிந்ததே. பலர் அறியாத பகுதி ஒன்று அவ்விதிகளிலேயே உள்ளது. வெள்ள அபாயம், சாலையின்மை, சிறு குழந்தைகள் வீட்டிலிருந்து பள்ளிக்குச் செல்லும் வழியில் நேரும் ஆபத்து ஆகியன இருக்குமாயின், அத்தொலைவைக் குறைத்து, ஆபத்து நேராத வண்ணம் பள்ளியை அமைக்க வேண்டும் என்பதே அது. மக்கள் நெருக்கம் மிகுந்த இடங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட அண்மைப் பள்ளிகளை நிறுவலாம் என்றும் அவை கூறுகின்றன. ஆக, கிலோமீட்டர்க் கணக்கு கல்லில் செதுக்கியதன்று. வழியின் தன்மையைப் பொறுத்து அது சுருங்க வேண்டும். அந்த வழியின் தன்மையை அரசுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர் யார்? நாள்தோறும் பிள்ளையை அவ்வழியே அனுப்பி வைப்பவரன்றோ!

வரைபடத்தில் தெரியாத வழி

நமது தோல் தொழில் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் இருப்புப்பாதையும் தேசிய நெடுஞ்சாலையும் ஆம்பூர் வழியாகவே செல்கின்றன. அருகே பாலாறு. வரைபடத்தின்மீது அளவுகோலை வைத்து அளப்பவருக்கு ஒரு தெருவுக்கும் பள்ளிக்கும் இடையே அரைக் கிலோமீட்டர்தான் தெரியும். இடையே தண்டவாளம் இருப்பதும், லாரிகள் விரையும் சாலையைக் கடக்க ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு காத்து நிற்பதும் அளவுகோலுக்குத் தெரியா. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் பாலாற்றில் 2021 நவம்பரில் பெருவெள்ளம் புரண்டபோது பல தரைப்பாலங்கள் நீரில் மூழ்கின. வேனிற்காலத்தில் அளந்த தொலைவு மழைக்காலத்தில் செல்லாது என்பதை அவ்வெள்ளம் காட்டிச் சென்றது.

இவ்வட்டாரத்துக்கே உரிய மற்றொரு காரணமும் உண்டு. ஷூ கம்பெனிகளில் பணிபுரிவோரில் பெரும்பாலோர் பெண்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படும் முன்பே தாய் வேலைக்குப் புறப்பட்டுவிடுகிறாள். எனவே குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு மூத்த மகள்மீது விழுகிறது. தம்பியின் தொடக்கப்பள்ளி ஒரு திசையிலும் அவளது நடுநிலைப்பள்ளி வேறொரு திசையிலும் இருந்தால் நாள்தோறும் தாமதமாக வந்து நிற்பவள் அவளே. வகுப்பில் நிற்க வைக்கப்படுபவளும் அவளே.

மாலை மக்தபில் பாடம் நடத்தும் என் போன்றோர் இதன் விளைவைக் கண்ணாரக் காண்கிறோம். அருகிலுள்ள பள்ளியில் படிக்கும் பிள்ளை வீட்டுக்குச் சென்று, முகம் கழுவி, ஏதேனும் உண்டு, தெளிந்த முகத்துடன் வந்து அமர்கிறது. தொலைவிலிருந்து வரும் பிள்ளையோ புத்தகப் பையுடன் நேரே வந்து, பாடம் தொடங்கிச் சற்று நேரத்தில் கண்ணயர்ந்துவிடுகிறது. அப்பிள்ளைக்குப் பள்ளியின் தொலைவு மார்க்கக் கல்வியின் தொலைவாகவும் ஆகிவிடுகிறது.

மொழியின் தொலைவு இவற்றினும் நுட்பமானது. நம் வட்டாரத்தில் உருது பேசும் குடும்பங்கள் மிகுதி. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழி வழிக் கல்விக்குரிய வசதி செய்யப்பட வேண்டும் என்று அரசியலமைப்பின் 350-ஏ பிரிவு கூறுகிறது. ஆயின் தொலைவைக் கணக்கிடும் விதி பயிற்றுமொழியைக் கணக்கில் கொள்வதில்லை. அருகில் ஒரு பள்ளி இருப்பதாக ஏடு சொல்லும். அங்கே உருது வகுப்பு இருக்காது. மறுபுறம், 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பின் உருது வழியில் பயிலும் பிள்ளைகளுக்கும் நல்ல தமிழாசிரியர் தேவை. இவ்விரு தேவைகளையும் சேர்த்துச் சொல்லக்கூடியவர் பெற்றோரே.

இரு படிப்பினைகள்

பள்ளியின் தொலைவு பற்றி ஒரு தந்தை எழுப்பிய கேள்வி ஒரு நாட்டின் வரலாற்றையே திருப்பியதுண்டு. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த டொபீகா நகரில் லிண்டா பிரவுன் என்ற கறுப்பினச் சிறுமி வாழ்ந்தாள். வீட்டிலிருந்து ஏழு தெருத் தொலைவில் சம்னர் தொடக்கப்பள்ளி இருந்தது. அது வெள்ளையருக்குரியது. லிண்டாவோ இரயில்கள் தடம் மாறும் தண்டவாள வெளியைக் கடந்து, பேருந்து ஏறி, ஒரு மைல் தொலைவிலிருந்த மன்றோ பள்ளிக்குச் செல்ல வேண்டியிருந்தது. அவளுடைய தந்தை ஆலிவர் பிரவுன் மற்றப் பெற்றோருடன் சேர்ந்து வழக்குத் தொடுத்தார். 1954 மே 17 அன்று, பள்ளிகளில் இனப் பாகுபாடு சட்டத்துக்கு முரணானது என அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் நாட்டில் அண்மையில் நிகழ்ந்த ஒன்றையும் பார்ப்போம். மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளிகளை அருகிலுள்ள பள்ளிகளோடு இணைக்க உத்தரப்பிரதேச அரசு 2025 ஜூனில் ஆணையிட்டது. சீதாபூர் மாவட்டக் குழந்தைகள் சிலர் தம் பெற்றோர் வாயிலாக அலகாபாத் உயர்நீதிமன்றத்தை நாடினர். தனி நீதிபதி ஜூலை மாதத்தில் மனுவைத் தள்ளுபடி செய்தார். பெற்றோர் சோர்ந்துவிடவில்லை, மேல்முறையீடு செய்தனர். இரு நீதிபதிகள் அமர்வு அம்மாவட்டத்தில் இருந்த நிலையே நீடிக்க உத்தரவிட்டது. அம்மாத இறுதியில், 1 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பள்ளிகளும் 50க்கு மேற்பட்ட மாணவர் உள்ள பள்ளிகளும் இணைக்கப்படமாட்டா என அரசே அறிவித்தது.

இணைப்பே தீது என்பதன்று இதன் பொருள். இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்புகளை நடத்தும் பள்ளியைவிட, வகுப்புக்கோர் ஆசிரியர் உள்ள பள்ளி மேலானதே. அம்முடிவைப் பிள்ளைகள் நடக்கும் வழியை அறிந்தவர்களோடு கலந்து எடுக்க வேண்டும் என்பதே நாம் கேட்பது.

நமக்குரிய இருக்கை

கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கப் பணிக்கிறது. அதன் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரித்துப் பரிந்துரைப்பது இக்குழுவின் கடமை. தமிழ்நாட்டில் 2022 மார்ச் 20 அன்று அரசுப் பள்ளிகள் அனைத்திலும் பெற்றோர் கூட்டம் நடத்தப்பட்டு, அதைத் தொடர்ந்து 20 பேர் கொண்ட குழுக்கள் மறுசீரமைக்கப்பட்டன. 2024இல் இவ்வெண்ணிக்கை 24 ஆக உயர்ந்து, முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டனர்.

நம் சமுதாயப் பெரியோர் நிறுவிய சிறுபான்மைப் பள்ளிகளுக்கு 2014ஆம் ஆண்டின் உச்சநீதிமன்றத் தீர்ப்பின்படி இச்சட்டம் பொருந்தாது. அத்தீர்ப்பை மறுபரிசீலனை செய்யும் கேள்வி 2025இல் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பப்பட்டுள்ளது. ஆயினும் நகராட்சிப் பள்ளிகளிலும் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளிலும் பயிலும் நம் பிள்ளைகள் ஏராளம். அவர்களுடைய பெற்றோருக்கு இந்த வாயில் திறந்தே இருக்கிறது.

வாயில் திறந்திருந்தும் உள்ளே செல்வோர் சிலரே. குற்றம் பெற்றோருடையது மட்டுமன்று. 2022இல் இக்குழுக்களின் மாதக் கூட்டத்துக்கு வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணி என நேரம் வகுக்கப்பட்டது. ஜும்ஆ முடித்த தந்தைக்கு அது ஏற்ற நேரமே. தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் தாய்க்கோ கூட்டத்துக்கு வருவது அரைநாள் கூலியை இழப்பதாகும். பாதி இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டு, அவர்கள் வர இயலாத நேரத்தில் கூட்டம் நடத்தினால் கையொப்பம் மட்டுமே எஞ்சும். கம்பெனி நடத்தும் செல்வந்தர்கள் குழு உறுப்பினரான தாய்மாருக்கு மாதம் ஒருநாள் இரண்டு மணி நேரம் கூலி பிடித்தமின்றி அனுமதி தந்தால், அது கட்டடம் கட்டித் தருவதற்கு ஈடான கல்விக் கொடையாகும்.

செய்யத் தக்கவை

முதலாவது, நடந்து அளத்தல். மஹல்லாவின் நான்கைந்து பெற்றோர் சேர்ந்து, பிள்ளைகள் செல்லும் வழியே பள்ளி நேரத்தில் நடந்து பார்க்க வேண்டும். எத்தனை நிமிடம் ஆகிறது, எங்கே தண்டவாளம், எங்கே சாலை, எங்கே மழைநீர் தேங்குகிறது என்பதை ஒரு தாளில் வரைந்துகொள்ள வேண்டும். 'தூரம் அதிகம்' என்னும் முறையீட்டைக் காட்டிலும் இந்த ஒரு தாளுக்கு அலுவலகத்தில் மதிப்பு உண்டு.

இரண்டாவது, எண்ணிக்கை. எத்தனை வீடுகளில் எந்த வயதுப் பிள்ளைகள் உள்ளனர், எத்தனை பெண் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்போடும் எட்டாம் வகுப்போடும் நின்றுவிட்டனர் என்ற கணக்கை ஜமாஅத் எளிதில் திரட்டலாம். ஒரு பள்ளியைத் தரம் உயர்த்தக் கோருவதற்கு இக்கணக்கே அடிப்படை.

மூன்றாவது, இவற்றைக் குழுக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானமாக எழுதி, மேம்பாட்டுத் திட்டத்தில் சேர்த்தல். அதன் நகலை உரிய அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்திலும், மேல்விஷாரம் இராணிப்பேட்டை மாவட்டத்திலும், பேரணாம்பட்டு வேலூரிலும் உள்ளன. பழைய நினைவில் வேலூருக்கு மனு அனுப்பினால் அது சேருமிடம் சேராது.

நான்காவது, எழுத்து மூலம் முறையிடுதல். சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி, குழந்தையின் கல்வி உரிமை குறித்த எழுத்துபூர்வமான குறையை உள்ளாட்சி அமைப்பு இருதரப்பையும் கேட்டு மூன்று மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீர்வில் நிறைவில்லையெனில் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். வாய்மொழியாகச் சொன்னது காற்றில் கரையும். எழுதி ஒப்புகை பெற்றதற்கு உயிர் உண்டு.

இவற்றைச் செய்கையில் ஒன்றை மறத்தல் ஆகாது. நம் தெருவுக்கு அருகே பள்ளியைக் கேட்கும்போது, அடுத்த தெருவின் பிள்ளைக்கு அது தொலைவாகிவிடக்கூடும். தண்டவாளத்துக்கு அப்பால் வாழும் சகோதர சமயத்தாரும் தம் பிள்ளைகளை அதே அச்சத்துடன்தான் அனுப்புகின்றனர். அவர்களையும் அழைத்து அமர்ந்து மஷூரா செய்து, இரு சாராருக்கும் பொருந்தும் கோரிக்கையை எழுப்புவதே நீதி. அத்தகைய கோரிக்கையை எந்த அதிகாரியும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

சகோதர சகோதரிகளே! வரும் கல்வியாண்டுக்கு முன், உங்கள் பிள்ளை நடக்கும் வழியை ஒருமுறை நீங்களும் நடந்து பாருங்கள். கண்டதை எழுதுங்கள். எழுதியதைக் குழுக் கூட்டத்துக்குக் கொண்டு செல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், ஐந்தாம் வகுப்போடு நின்றுபோகவிருந்த ஒரு மகளின் படிப்பு அந்த ஒரு தாளினால் தொடரக்கூடும்.