ஸ்கிளீரல் லென்ஸ்

ஸ்கிளீரல் லென்ஸ் அல்லது வெண்விழி ஒட்டுவில்லை என்பது கண்ணின் கருவிழிப் படலத்தைத் தொடாமல், அதைச் சுற்றியுள்ள வெள்ளைப் பகுதியின் மேல் அமரும் பெரிய காண்டாக்ட் லென்ஸ் ஆகும். மூக்குக் கண்ணாடியாலும் வழக்கமான காண்டாக்ட் லென்ஸாலும் பார்வை தெளியாதவர்களுக்கும், கண்ணின் மேற்பரப்பு கடுமையாக உலர்ந்தோ புண்பட்டோ போனவர்களுக்கும் இது பொருத்தப்படுகிறது. கண்ணாடியைப் பலமுறை மாற்றியும் பயனில்லாமல், இனிக் கருவிழி மாற்று அறுவை சிகிச்சை ஒன்றே வழி என்று எண்ணியிருந்த பலர் இந்த லென்ஸின் துணையால் படிக்கவும் வேலைக்குச் செல்லவும் முடிகிறது.

கண்ணின் அமைப்பு

கண்ணின் முன்புறம் கடிகாரத்தின் மேல்கண்ணாடி போல் தெளிவாக இருப்பது கருவிழிப் படலம் (கார்னியா). இதன் குறுக்களவு ஏறத்தாழ 11 முதல் 12 மி.மீ. கண்ணுக்குள் நுழையும் ஒளியை வளைத்துக் குவிப்பதில் பெரும்பங்கு இதனுடையது. இதில் இரத்தக் குழாய்கள் இல்லை. தேவையான ஆக்சிஜனின் பெரும்பகுதியைக் கண்ணீர் வழியாகக் காற்றிலிருந்தே பெறுகிறது. நரம்பு நுனிகள் மிகுதியாக இருப்பதால் ஒரு சிறு தூசி விழுந்தாலும் தாங்க முடியாமல் உறுத்துகிறது.

கருவிழியைச் சுற்றியுள்ள வெள்ளைப் பகுதி வெண்விழி (ஸ்கிளீரா) எனப்படும். இதன்மேல் மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியுள்ளது. கருவிழியோடு ஒப்பிட்டால் இப்பகுதிக்கு உணர்ச்சி மிகவும் குறைவு. உறுத்தல் மிகுந்த இடத்தை விட்டுவிட்டு, உறுத்தல் குறைந்த இடத்தில் லென்ஸைத் தாங்கச் செய்வதே ஸ்கிளீரல் லென்ஸின் அடிப்படை.

செயல்படும் முறை

வழக்கமான கடின லென்ஸ் ஏறத்தாழ 9 அல்லது 10 மி.மீ. அகலமுடையது; கருவிழியின் மேலேயே அமர்கிறது. ஸ்கிளீரல் லென்ஸ் பொதுவாக 15 முதல் 24 மி.மீ. வரை அகலமுடையது. சிறு கிண்ணம் போன்ற இதைக் கண்ணில் வைப்பதற்கு முன் உப்புக் கரைசலால் (சலைன்) நிரப்புகிறார்கள். வைத்த பிறகு லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவே அந்தக் கரைசல் மெல்லிய நீர்ப்படலமாக நிற்கிறது. இதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் கால்பங்கு அளவில் இருக்கும். இந்த நீர்ப்படலம் இரண்டு வேலைகளைச் செய்கிறது.

முதலாவது, மேடுபள்ளங்களை மறைக்கிறது. குண்டும் குழியுமான சாலையில் மழைநீர் தேங்கினால் மேற்பரப்பு சமமாகத் தெரிவதைப் போன்றது இது. ஒளிவிலகல் எண்ணைக் கொண்டு இதைக் கணக்கிடலாம். காற்றுக்கு 1, கண்ணீருக்கு 1.336, கருவிழிக்கு 1.376 என்பவை பாடநூல் அளவுகள். காற்றிலிருந்து கருவிழிக்குள் ஒளி நுழையும்போது வேறுபாடு 0.376. நீரிலிருந்து கருவிழிக்குள் நுழையும்போது வேறுபாடு 0.040 மட்டுமே. ஆகவே கருவிழியின் முன்பக்கக் கோணலால் உண்டாகும் பார்வைக் குறையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு மறைந்துவிடுகிறது. ஒளி இப்போது லென்ஸின் வழவழப்பான மேற்பரப்பில்தான் வளைகிறது.

இரண்டாவது, கருவிழியை நாள் முழுவதும் ஈரமாக வைத்திருக்கிறது. இமையின் உட்புறம் சொரசொரப்பாகியிருந்தாலோ, இமைமுடி உள்நோக்கி வளர்ந்திருந்தாலோ, அவை கருவிழியை உரசாமல் லென்ஸ் கவசம் போல் தடுக்கிறது.

வரலாறு

காண்டாக்ட் லென்ஸின் வரலாறு ஸ்கிளீரல் லென்ஸிலிருந்தே தொடங்குகிறது. சூரிச் நகரில் பணியாற்றிய ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் ஃபிக் 1888-இல் கண்ணாடியால் செய்த இத்தகைய வில்லையைப் பற்றி எழுதினார். முயல்களிடமும் பிறகு தம் கண்ணிலும் அதைச் சோதித்தார். உள்ளே குளுக்கோஸ் கரைசலை நிரப்பினார். அதே ஆண்டில் பாரிஸ் நகரில் யூஜின் கால்ட் என்பவர் கூம்புக் கருவிழி நோய்க்குக் கண்ணாடி வில்லைகளைப் பயன்படுத்தினார். கடும் கிட்டப்பார்வை கொண்டிருந்த ஆகஸ்ட் முல்லர் தமக்கே வில்லை செய்து பார்த்து, 1889-இல் கீல் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு அளித்தார். இந்தக் கண்ணாடி வில்லைகளைச் சிறிது நேரத்திற்கு மேல் அணிய முடியவில்லை. ஆக்சிஜன் கிடைக்காமல் கருவிழி வீங்கி மங்கியதே முக்கியக் காரணம்.

பின்னர் வந்த அக்ரிலிக் பிளாஸ்டிக் எடை குறைந்தது என்றாலும் ஆக்சிஜனை விடவில்லை. 1948-இல் கெவின் டூஹி சிறிய கருவிழி லென்ஸை உருவாக்கினார். 1961-இல் செக்கோஸ்லோவாக்கியாவின் ஓட்டோ விக்டர்லே மென்லென்ஸ்களை வார்த்தெடுத்தார். இவற்றின் வரவால் பெரிய வில்லைகள் ஓரங்கட்டப்பட்டன.

காற்றை ஊடுருவவிடும் பிளாஸ்டிக் வந்ததும் நிலைமை மாறியது. ஆஸ்திரேலியாவின் டான் எசக்கியேல் 1983-இல் அத்தகைய பொருளால் ஆன ஸ்கிளீரல் லென்ஸைப் பற்றி எழுதினார். அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் பெரி ரோசந்தால் என்ற கண் மருத்துவர் உருவாக்கிய லென்ஸுக்கு 1994-இல் அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிருவாகம் ஒப்புதல் அளித்தது. அந்தச் சிகிச்சை முறை இன்று 'புரோஸ்' என்ற பெயரால் அறியப்படுகிறது.

யாருக்குப் பயன்படுகிறது

கூம்புக் கருவிழி (கெரட்டோகோனஸ்): கருவிழி மெலிந்து கூம்பு போல் முன்தள்ளும் நோய். பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கி முப்பது வயதைத் தாண்டும்வரை முற்றக்கூடும். ஒவ்வாமை அரிப்பால் கண்ணை ஓயாமல் கசக்கும் பழக்கத்திற்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டு. கண்ணாடி எண் அடிக்கடி மாறுவதும், ஒரே விளக்கு பலவாகத் தெரிவதும் இதன் அறிகுறிகள்.

கருவிழி மாற்று அறுவைக்குப் பின்: அறுவை வெற்றி பெற்றாலும் தையலால் மேற்பரப்பு கோணலாகிப் பார்வை தெளியாமல் இருக்கலாம்.

ஸ்டீவன்ஸ்–ஜான்சன் நோய்: சில மருந்துகளுக்கு உடல் காட்டும் கடுமையான எதிர்வினை. சல்ஃபா வகை மருந்துகள், கார்பமசெபின், ஃபெனிடாயின் போன்ற வலிப்பு மருந்துகள், அல்லோபியூரினால் ஆகியவை இதைத் தூண்டக்கூடியவை. தோல் உரிந்து, வாயும் கண்ணும் புண்ணாகின்றன. உயிர் பிழைத்தவர்கள் பலருக்குக் கண்ணீர் வற்றி, வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாத நிலை வருகிறது. இவர்களுக்கு இந்த லென்ஸ் பார்வையைத் தருவதோடு வலியையும் தணிக்கிறது.

வேதிப்பொருள் காயம்: சுண்ணாம்பு, காஸ்டிக் சோடா, அமிலம் ஆகியவை கண்ணில் பட்டு ஆறிய பின் எஞ்சும் வடுவும் உலர்வும்.

இந்தியாவில்

ஐதராபாத்தில் உள்ள எல்.வி. பிரசாத் கண் நிறுவனமும், சென்னையில் 1978-இல் எஸ்.எஸ். பத்ரிநாத் தொடங்கிய சங்கர நேத்ராலயாவும் இந்தச் சிகிச்சையை இந்தியாவில் பரவச் செய்ததில் முக்கியமானவை. பாஸ்டன் முறை லென்ஸில் தங்களுக்குக் கிடைத்த அனுபவத்தை ஐதராபாத் மருத்துவர்கள் 2011-இல் இந்தியக் கண் மருத்துவ ஆய்விதழில் வெளியிட்டனர். கோணலான கருவிழிகளுக்குப் புரோஸ் முறையைப் பயன்படுத்தியது பற்றிச் சங்கர நேத்ராலயாவினர் 2014-இல் எழுதினர். இவ்விரண்டையும் தவிர, பெருநகரங்களின் பெரிய கண் மருத்துவமனைகள் சிலவற்றிலும் இன்று ஸ்கிளீரல் லென்ஸ் பொருத்தப்படுகிறது.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதி

கர்நாடக எல்லையில் உள்ள ஓசூர், சிப்காட் தொழிற்பேட்டையால் வளர்ந்த நகரம். வாகனங்கள், உதிரிபாகங்கள், கைக்கடிகாரங்கள் ஆகியவற்றைச் செய்யும் தொழிற்சாலைகளும், அவற்றைச் சார்ந்த சிறு பட்டறைகளும் இங்கு நிறைந்துள்ளன. கிருஷ்ணகிரியைச் சுற்றிலும் கிரானைட் குவாரிகள் உள்ளன. முலாம் பூசும் இடங்களில் அமிலமும் காரமும் புழங்குகின்றன. நுண்ணளவுகளைப் பார்த்துச் செய்யும் வேலையில் பார்வை மங்கினால் வேலையே போய்விடும். ஆகவே பலர் குறையை வெளியில் சொல்லாமல் சமாளிக்கிறார்கள். கூம்புக் கருவிழி இளம் வயதிலேயே வருவதால், ஐ.டி.ஐ. முடித்துப் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களையும் அது பாதிக்கக்கூடும்.

ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கி.மீ.; சென்னை சுமார் 300 கி.மீ. லென்ஸ் பொருத்துவதற்குப் பலமுறை செல்ல வேண்டியிருப்பதால் இந்தத் தொலைவு முக்கியமானது. புறப்படுவதற்கு முன், தேர்ந்தெடுத்த மருத்துவமனையில் ஸ்கிளீரல் லென்ஸ் பிரிவு உண்டா, எத்தனை நாள் வர வேண்டும், ஒரு கண்ணுக்கு எவ்வளவு செலவாகும் என்று தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது. இ.எஸ்.ஐ. அல்லது காப்பீட்டு அட்டை உள்ளவர்கள் லென்ஸின் விலை அதில் அடங்குமா என்பதையும் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.

தொழிற்சாலையில் வேலை செய்வோர் மறக்கக் கூடாதது ஒன்று உண்டு. ஸ்கிளீரல் லென்ஸ் பாதுகாப்புக் கண்ணாடிக்கு மாற்று அல்ல. அதன் மேல் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிய வேண்டும். வேதிப்பொருள் தெறித்தால் நொடியும் தாமதிக்காமல் குழாய் நீரால் கண்ணைக் கழுவத் தொடங்கி, கழுவும்போதே லென்ஸை எடுத்துவிட்டு, குறைந்தது 15 முதல் 30 நிமிடம் தொடர்ந்து கழுவ வேண்டும். அதன் பிறகே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்.

பொருத்தும் முறை

முதலில் கருவிழியின் வடிவம் வரைபடமாக எடுக்கப்படுகிறது. பிறகு சோதனை லென்ஸ்களில் ஏற்ற ஒன்றைக் கண்ணில் வைத்து, பச்சையாக ஒளிரும் சாயத்தின் உதவியால் நீர்ப்படலத்தின் ஆழத்தைப் பார்க்கிறார்கள். லென்ஸ் சில மணி நேரத்தில் வெண்விழியில் சற்றே அமிழும் என்பதால், காத்திருந்து மறுபடியும் பார்ப்பது அவசியம். ஓரம் இரத்தக் குழாய்களை அழுத்தக் கூடாது. தூக்கிக்கொண்டும் நிற்கக் கூடாது. அளவு உறுதியான பின்பே அந்தக் கண்ணுக்கென்று தனியாக லென்ஸ் செய்யப்படுகிறது. ஒருவருடைய லென்ஸ் மற்றவருக்குப் பயன்படாது.

அணிதலும் பராமரிப்பும்

சோப்பால் கை கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ள வேண்டும். லென்ஸைச் சிறு ரப்பர் உறிஞ்சியின் மேல் வைத்து, பதனப் பொருள் சேராத சலைனால் விளிம்புவரை நிரப்ப வேண்டும். முகம் தரையைப் பார்க்கும்படி குனிந்து, இமைகளை விரித்து, லென்ஸைக் கண்ணை நோக்கி மேலே கொண்டுவர வேண்டும். உள்ளே காற்றுக்குமிழி தெரிந்தால் எடுத்துவிட்டு மீண்டும் வைக்க வேண்டும். கழற்றும்போது உறிஞ்சியை லென்ஸின் நடுவில் வைக்காமல் ஓரத்தில் வைத்து மெல்ல நெம்ப வேண்டும். கழற்றுவதற்கு முன் லென்ஸ் கண்ணில் இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொள்வது கட்டாயம்.

சில மணி நேரத்தில் உள்ளிருக்கும் நீர் கலங்கிப் பார்வை புகைபோல் மங்குவது சிலருக்கு வழக்கம். லென்ஸை எடுத்து, கழுவி, புதிய சலைன் நிரப்பி மீண்டும் அணிந்தால் தெளிந்துவிடும்.

குழாய் நீர், ஆழ்துளைக் கிணற்று நீர், கொதிக்க வைத்து ஆறிய நீர், வீட்டில் கரைத்த உப்பு நீர், எச்சில் ஆகிய எதையும் லென்ஸில் படவிடக் கூடாது. நீரில் வாழும் அக்காந்தமீபா என்ற நுண்ணுயிர் கருவிழியில் புகுந்தால் பார்வையே போகக்கூடும். விபத்தின்போது குழாய் நீரால் கண்ணைக் கழுவுவது மட்டும் விதிவிலக்கு. அதன்பின் லென்ஸை மருத்துவரிடம் காட்டாமல் அணியக் கூடாது. இரவில் லென்ஸைக் கழற்றி, மருத்துவர் சொன்ன கரைசலில் ஊறவைக்க வேண்டும். மருத்துவர் தனியாகச் சொன்னாலன்றி அணிந்தபடி தூங்கக் கூடாது.

வரம்புகள்

இந்த லென்ஸ் பார்வையைத் தெளிவாக்குமே தவிர நோயை நிறுத்தாது. கூம்புக் கருவிழி முற்றிக்கொண்டே போனால், ரிபோஃப்ளேவின் சொட்டு மருந்தும் புற ஊதாக் கதிரும் கொண்டு கருவிழியை உறுதிப்படுத்தும் 'கிராஸ்லிங்கிங்' சிகிச்சை தேவைப்படலாம். கருவிழியின் நடுவில் அடர்ந்த வடு இருந்தால் லென்ஸால் அதை மறைக்க முடியாது. கருவிழியின் உட்புறச் செல்கள் குறைந்தவர்களுக்கும், கண் அழுத்த நோய்க்கு அறுவை செய்துகொண்டவர்களுக்கும் மருத்துவர் தனிக் கவனத்துடன் முடிவு செய்கிறார். கண்ணில் தொற்று இருக்கும்போது அணியக் கூடாது.

கண் சிவத்தல், வலி, வெளிச்சத்தில் கூச்சம், விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். லென்ஸ் நன்றாகப் பொருந்தியிருந்தாலும், மருத்துவர் குறித்த இடைவெளியில் மறுபரிசோதனைக்குச் செல்வது இச்சிகிச்சையின் ஒரு பகுதியே ஆகும்.