கணிப்பொறியின் காய்ச்சல்

மூன்று நான்கு ஆண்டுகள் உழைத்த கணிப்பொறி ஒன்று மெல்லத் தளரத் தொடங்கினால், "பழையதாகிவிட்டது" என்று சொல்லி அதை மூலையில் தள்ளுவோர் பலர். பள்ளிகளிலும் சிறு அலுவலகங்களிலும் இவ்வாறு ஒதுக்கப்படுபவை எல்லாம் முதுமையால் தளர்ந்தவை அல்ல. அவற்றுள் சில சூட்டால் தளர்ந்தவை. தன்னைக் காத்துக்கொள்ள இயந்திரம் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதை அறியாததால் நேரும் இழப்பு இது.

கணிப்பொறியின் மூளையாக விளங்குவது செயலி. புராசஸர் என்றால் எல்லார்க்கும் விளங்கும். நகத்தளவுள்ள சிலிக்கன் வில்லையே அதன் உயிர்ப்பகுதி. 1971-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் செயலியில் ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. இன்றைய செயலிகளிலோ அவை பல நூறு கோடி. ஒவ்வொன்றும் மின்சாரத்திற்கு ஒரு கதவு போன்றது. கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் ஓர் அணுவளவு மின்னாற்றல் செலவாகிறது. மின்விளக்கில் செலவாகும் ஆற்றலில் ஒரு பங்கு ஒளியாகிறது. மின்விசிறியில் ஒரு பங்கு காற்றாகிறது. செயலியில் செலவாவதோ முற்றும் சூடாகவே முடிகிறது. 100 வாட் மின்சாரம் உண்ணும் செயலி, கணக்கும் போடத் தெரிந்த 100 வாட் அடுப்பு என்றே கொள்ளலாம். அந்தச் சூடு, கதவுகள் திறந்து மூடும் வேகம் கூடக் கூட அதே அளவில் ஏறும். மின்னழுத்தம் இரு மடங்கானாலோ நான்கு மடங்காகும். வேகத்தை மேன்மேலும் கூட்டிச் சென்ற இன்டெல் நிறுவனம், 4 கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள பென்டியம் 4 செயலியை வெளியிடும் திட்டத்தை 2004 அக்டோபரில் கைவிட்டதற்கு இச்சூடு ஒரு பெருங்காரணம்.

சூட்டைக் கவனியாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2001-ஆம் ஆண்டில் டாம்ஸ் ஹார்டுவேர் என்னும் இணைய இதழ் கண்கூடாகவே காட்டியது. கணிப்பொறிகளில் விளையாட்டு ஒன்றை ஓடவிட்டு, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே செயலியின் மேலிருந்த விசிறியையும் உலோகச் சீப்பையும் கழற்றினர். அக்காலத்து அத்லான் செயலிகள் நொடிகளில் புகைந்து மாண்டன. பென்டியம் 3 செயலி செயலற்று நின்றது, ஆனால் பிழைத்துக்கொண்டது. பென்டியம் 4 நிற்கவே இல்லை. விளையாட்டின் ஓட்டம் தளர்ந்தது. சீப்பைத் திரும்பப் பொருத்தியதும் பழைய வேகம் மீண்டது. அச்செயலியின் உள்ளேயே வெப்பத்தை உணரும் உறுப்பும், உணர்ந்ததும் வேகத்தை மட்டுப்படுத்தும் சுற்றும் அமைந்திருந்தமையே காரணம்.

நகத்தளவு வில்லைக்குள் வெப்பமானியை எங்ஙனம் புகுத்தினர்? பாதரசக் குழாய் ஒன்றும் அங்கில்லை. சிலிக்கனால் ஆன டையோடு ஒன்றில் மாறாத அளவில் மின்னோட்டத்தைச் செலுத்தினால், அதன் இரு முனைகளுக்கிடையே உள்ள மின்னழுத்தம், சூடு ஒவ்வொரு பாகை ஏறும்போதும் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும். இந்தக் குறைவை அளந்தால் வெப்பநிலை தெரிந்துவிடும். வில்லை செய்யப்படும் பொருளே அதன் காய்ச்சலையும் சொல்கிறது என்பது இதில் உள்ள அழகு. முற்காலத்தில் செயலிக்கு அடியில், பலகையின்மேல் உணர்கருவியை வைத்தனர். அது வெளிச்சூட்டை மட்டுமே, அதுவும் காலந்தாழ்ந்தே அறிந்தது.

இக்காலச் செயலிகளுக்கு இரு எல்லைகள் உண்டு. முதல் எல்லை பலவற்றில் 100 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். அதைத் தொட்டால் செயலி வேகத்தையும் மின்னழுத்தத்தையும் குறைக்கும். அதன் பிறகும் சூடு ஏறிச் சென்றால், இரண்டாம் எல்லையில் மின்சாரம் அறவே நிறுத்தப்படும். ஆகவே 2001-இல் கண்டதுபோல் புகைந்து போவது இன்று அரிது. ஆயினும் மெல்லக் கொல்லும் கேடு ஒன்று உண்டு. மின்னோட்டத்தின் உந்துதலால் நுண்கம்பிகளின் உலோக அணுக்கள் சிறுகச் சிறுக இடம்பெயரும்; சூடு மிகுந்தால் இப்பெயர்ச்சி விரையும். மோட்டரோலா நிறுவனத்தின் ஜேம்ஸ் பிளாக் 1960-களின் பிற்பகுதியில் இதனைக் கணக்கிட்டுக் காட்டினார்.

இச்சூட்டைப் பார்க்கத் தனிக்கருவி வேண்டுவதில்லை. விண்டோஸில் கோர் டெம்ப் போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. லினக்ஸில் சென்ஸார்ஸ் என்னும் கட்டளை உண்டு. ஆனால் ஒரே எண்ணைப் பார்த்துவிட்டு அஞ்சுவதும் மகிழ்வதும் வீண். 2022-இல் வந்த ரைசன் 7000 வரிசையின் பெரிய செயலிகள் முழு வேலையின்போது 95 பாகை வரை செல்லும்படியே வகுக்கப்பட்டவை. வேறொரு பொறி சும்மா இருக்கையிலேயே 80 பாகை காட்டினால் அதுவே நோய். வேலையின்றி இருக்கும்போது ஓர் அளவு, கடும் வேலை கொடுத்துக் கால்மணி சென்றபின் ஓர் அளவு, அதே வேலைக்குச் சில மாதம் கழித்து ஓர் அளவு: இம்மூன்றையும் ஒப்பிட வேண்டும். வெப்பத்தோடு வேகத்தையும் சேர்த்துப் பார்ப்பது நன்று. சூடு எல்லையில் நிற்க, வேகம் மட்டும் இறங்கினால், குளிர்விப்பு போதவில்லை என்பது தெளிவு.

அறையின் வெப்பத்தையும் மறக்கலாகாது. விசிறி, சுற்றியுள்ள காற்றைத்தான் வீசும். அதைக் குளிர வைக்காது. 22 பாகை அறையில் 70 காட்டும் செயலி, 32 பாகை அறையில் ஏறத்தாழ 80 காட்டும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நண்பகல் வெயிலில் குளிரூட்டாத அறையின் நிலை இதுவே. 2023 அக்டோபர் 14 அன்று சிங்கப்பூரின் தரவு மையம் ஒன்றில், மேம்பாட்டுப் பணியின்போது குளிர்நீர்த் தொட்டிகளின் அடைப்பிதழ்கள் தவறாக மூடப்பட்டன. அறைகளின் வெப்பம் அளவு கடந்தது. டிபிஎஸ், சிட்டி ஆகிய இரு வங்கிகளின் சேவைகள் முடங்கின. ஏறத்தாழ 25 இலட்சம் பணப் பரிமாற்றங்கள் நிறைவேறவில்லை.

வீட்டுப் பொறிக்கும் பள்ளிப் பொறிக்கும் பகைவன் பெரும்பாலும் தூசிதான். விசிறிக்கும் சீப்புக்கும் இடையே அது கம்பளிபோல் படிந்து காற்றின் வழியை அடைக்கும். மின்சாரத்தைத் துண்டித்து, விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு ஊதியெடுக்க வேண்டும். மடிக்கணினியை மெத்தைமேல் வைத்து வேலை செய்வோர் அதன் மூக்கைத் தாமே பொத்துகின்றனர். தூசி போயும் சூடு இறங்காவிடில், செயலிக்கும் சீப்புக்கும் நடுவே உள்ள வெப்பப் பசையைப் பார்க்க வேண்டும். வழவழப்பாகத் தோன்றும் இரு உலோகப் பரப்புகளுக்கிடையிலும் கண்ணுக்குத் தெரியாத காற்றுப் பள்ளங்கள் உண்டு. செம்பு வெப்பத்தைக் கடத்துவதில் காற்றைவிடப் பல்லாயிரம் மடங்கு வல்லது. அப்பள்ளங்களை நிரப்பவே பசை. நாளடைவில் அது உலர்ந்துவிடும். பழையதைத் துடைத்துவிட்டு, ஒரு பட்டாணி அளவு புதிதாக இட்டால் போதும். அப்பிப் பூசினால் அப்பசையே தடையாகும். வேலை முடிந்ததும் மீண்டும் சூட்டை அளந்து, அந்த எண்ணையும் நாளையும் பெட்டியின் உட்பக்கம் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிட்டால், அடுத்து அதைத் திறப்பவர்க்கு ஒப்பிட ஓர் அளவு இருக்கும்.