கண் சொட்டு மருந்தும் கண் நீர் அழுத்த நோயும்: ஓர் எச்சரிக்கை

பந்தல்குடி, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் வெயிலும் கரிசல் புழுதியும் அதிகம். கண் சிவந்து அரித்தால், முன்பு டாக்டர் எழுதிய பழைய சீட்டைக் காட்டி, மருந்துக் கடையில் அதே சொட்டு மருந்தை மாதக்கணக்கில் வாங்கிப் போடுவோர் நம்மில் பலர். சீட்டே இல்லாமல் வாங்குவோரும் உண்டு. அந்த மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால், அது பார்வையையே பறித்துவிடக்கூடும்.

எப்படி பாதிக்கிறது?

கண்ணுக்குள் ஒரு திரவம் எப்போதும் சுரந்து, கருவிழி ஓரத்திலுள்ள சல்லடை போன்ற திசு வழியாக வடிந்துகொண்டே இருக்கிறது. ஸ்டீராய்டு இந்த வடிகாலை அடைக்கிறது. திரவம் தேங்கி அழுத்தம் உயர, பார்வை நரம்பு சிறிது சிறிதாகச் சேதமடைகிறது. இதுவே கிளாக்கோமா எனப்படும் கண் நீர் அழுத்த நோய். ஸ்டீராய்டு சொட்டு மருந்தைத் தொடர்ந்து சில வாரங்கள் போடுவோரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அழுத்தம் ஓரளவு உயர்கிறது.

வலி இருக்காது. முதலில் பக்கவாட்டுப் பார்வைதான் குறையும் என்பதால் நமக்குத் தெரியாது. இழந்த பார்வை திரும்ப வராது. மருந்தோ அரிப்பை உடனே தணித்துவிடும். அதனால் நல்ல மருந்து என்றே நம்பிவிடுகிறோம்.

கவனிக்க வேண்டியவை

• டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் ஆகியவை ஸ்டீராய்டுகள். மருந்துப் பெட்டியில் இப்பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

• ஒவ்வாமையால் கண்ணைக் கசக்கும் பிள்ளைகளுக்கு இவற்றை நீங்களாகப் போடாதீர்கள்.

• மாத்திரை, இன்ஹேலர், இமையருகே தடவும் களிம்பு வழியாகவும் இந்த ஆபத்து வரலாம். ஆனால் ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து; டாக்டரிடம் கேட்டே குறைக்க வேண்டும்.

• சில சளி மாத்திரைகளும் மனச்சோர்வு மருந்துகளும் வேறு விதமாக, திடீரென அழுத்தத்தை ஏற்றலாம். கடும் கண்வலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

தென் தமிழகக் கிராமங்களில் அரவிந்த் கண் மருத்துவமனை நடத்தி 2003-ல் வெளியிட்ட ஆய்வில், 40 வயதைக் கடந்தவர்களில் 2.6 சதவீதம் பேருக்கு கிளாக்கோமா இருந்தது. ஆகவே 40 வயதைக் கடந்தவர்கள், சர்க்கரை நோயாளிகள், குடும்பத்தில் இந்நோய் உள்ளவர்கள் ஆண்டுக்கொருமுறை கண் அழுத்தம் பார்த்துக்கொள்வது நல்லது.

பார்வை அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். உங்கள் வீட்டிலுள்ள சொட்டு மருந்தை இன்றே எடுத்துப் பாருங்கள். அல்லாஹ் நம் அனைவரின் பார்வையையும் பாதுகாப்பானாக!