எந்த மலை பட்டியலில் சேரும்?



சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வடக்கே பார்த்தால் புக்கிட் மெர்தாஜாம் மலை தெரியும். அதன் உயரம் சுமார் 545 மீட்டர். மலையேறுவோர் போற்றும் 'ஏழு சிகரங்கள்' பட்டியலில் அதற்கு இடமில்லை. பட்டியலில் சேர என்ன தகுதி வேண்டும்?

தீபகற்ப மலேசியாவில் 7,000 அடிக்கு, அதாவது 2,134 மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்களே அதில் உள்ளன. 2,187 மீட்டர் உயரமுள்ள தாஹான் முதலிடம். 2,183 மீட்டர் உயரமுள்ள கோர்பு அடுத்தது. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தார் நன்கறிந்த பிரிஞ்சாங் 2,031 மீட்டர். அருகிலுள்ள ஈராவ் 2,110 மீட்டர். எல்லையை 2,000 மீட்டர் என்று வைத்திருந்தால் இவ்விரண்டுமே சேர்ந்திருக்கும்!

உயரம் மட்டும் போதுமா? கோர்புவை ஒட்டி, அதே மலைத்தொடரில் காயோங் சிகரம் இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக, இடையிலுள்ள பள்ளத்தில் இறங்கி ஏற வேண்டும். அந்த இறக்கம் பெரிதென்றால் இரண்டும் தனித்தனி மலைகள். சிறிதென்றால் ஒரே உடம்பின் இரு தோள்கள். நமது பட்டியல் உயரத்தையே பார்ப்பதால் காயோங்கும் தனியாக எண்ணப்படுகிறது.

ஸ்காட்லாந்தில் 1891-இல் 3,000 அடிக்கு மேற்பட்ட மலைகளைப் பட்டியலிட்ட ஹியூ மன்றோ, எவ்வளவு இறங்கினால் தனிமலை என்று அளவு சொல்லவில்லை. பின்னாளில் அப்பட்டியல் பலமுறை திருத்தப்பட்டது.

மலை இயற்கையின் படைப்பு. எல்லைக்கோடு மனிதன் போட்டது. தரவரிசை எதைக் கண்டாலும், "இந்தக் கோட்டை யார் போட்டார்? ஏன் இங்கே போட்டார்?" என்று கேட்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.