விடைபெறும் காலத்து மரியாதை

ஓர் அலுவலகத்தில் ஏழெட்டு ஆண்டுகள் உழைத்து, எல்லோருக்கும் வேண்டியவராக இருந்துவந்த ஒருவர், வேறிடத்தில் நல்ல வாய்ப்பு அமைந்ததென்று இராஜிநாமாக் கடிதம் கொடுத்துவிட்டால், மறுநாள் முதலே அவரைச் சுற்றியிருக்கும் முகங்கள் மாறிப்போவதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அவர் சொல்லும் காலை வணக்கத்துக்குப் பதில் வருவதில்லை. வழக்கமாக அமரும் ஆலோசனைக் கூட்டங்களுக்கு அழைப்பு நின்றுபோகிறது. தங்கையின் கல்யாணத்துக்கென்று முன்பே அனுமதிக்கப்பட்ட விடுப்பு இரத்தாகிறது. பத்து நிமிஷத் தாமதத்துக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வருகிறது. பல காலம் உட்கார்ந்த இடத்தைக் காலி செய்து, கதவோரத்து நாற்காலிக்குப் போகச் சொல்கிறார்கள். "பேப்பர் போட்டுட்டார், இனிமே அவர்கிட்ட எதுவும் பேசாதீங்க" என்று மற்றவர்களுக்கும் சொல்லப்படுகிறது. நோட்டீஸ் காலம் முப்பது நாளாக இருந்தாலும், மென்பொருள் நிறுவனங்களில் இன்று சகஜமாகிவிட்ட தொண்ணூறு நாளாக இருந்தாலும், அது முழுவதும் ஒரு தண்டனைக் காலமாக ஆக்கப்பட்டுவிடுகிறது.

இத்தகைய அற்பத்தனங்களின் விசேஷம், தனித்தனியே எடுத்துப் பார்த்தால் ஒன்றுகூடப் புகார் செய்யத் தக்கதாகத் தோன்றாது என்பதே. வணக்கத்துக்குப் பதில் வரவில்லை என்று எந்த அதிகாரியிடம் போய் முறையிடுவது? ஆயினும் நாள்தோறும் சேர்ந்து வரும் இந்தச் சிறுமைகள், அடித்துப் பேசிய ஒரு வசவைக் காட்டிலும் ஆழமாக மனத்தைப் புண்படுத்துகின்றன. தன்னுடைய இத்தனை ஆண்டு உழைப்புக்கு மதிப்பே இல்லையோ என்ற சந்தேகத்தை அவை எழுப்புகின்றன. இரவில் உறக்கம் கெடுகிறது. வீட்டில் குழந்தைகளிடம் காரணமின்றிக் கோபம் வருகிறது. நாளடைவில், தாம் ஏதோ தகாத காரியம் செய்துவிட்டோம் என்றே அவர் எண்ணத் தொடங்கிவிடுகிறார். அவர் தகாத காரியம் எதுவும் செய்யவில்லை என்பதை முதலில் தெளிவுபடுத்திவிட வேண்டும்.

வேலையை விட்டுப் போவதைத் துரோகமாகக் கருதும் மனோபாவத்துக்கு நம் தேசத்தில் ஒரு பழைய சரித்திரம் உண்டு. பிரிட்டிஷ் அரசாங்கம் 1859-ல் இயற்றிய தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம், முன்பணம் பெற்றபின் வேலையை விட்டுச் சென்ற தொழிலாளியைக் குற்றவாளியாகவே நடத்தியது. முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ, மீண்டும் வேலையில் சேரவோ மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். கீழ்ப்படியாதவனை மூன்று மாதம் வரை கடுங்காவலில் வைக்கலாம். சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய ராஜதானி நகரங்களை முன்னிட்டுப் பிறந்து, பின்னர் தோட்டங்கள் வரை பரவிய அந்தச் சட்டத்தை நீக்குவதற்கு 1925 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சட்டம் போய் நூறாண்டு ஆகிவிட்டது. ஆனால் கூலி கொடுப்பவன் உழைப்பை மட்டுமன்றி உழைப்பவனையும் சேர்த்து வாங்கிக்கொண்டான் என்ற எண்ணம், குளிர்சாதன அறைகளுக்குள்ளும் இன்னும் குடியிருக்கிறது. அதனோடு, ஒருவர் விலகிச் செல்வதைத் தம்முடைய நிர்வாகத்தின்மீது சொல்லப்பட்ட தீர்ப்பாக எடுத்துக்கொண்டு மனம் நோகும் மேலதிகாரியின் அபிமானமும், இவரைப் பார்த்து மற்றவர்களும் கிளம்பிவிடுவார்களோ என்ற அச்சமும் சேர்ந்துகொள்கின்றன. சிறுமை செய்பவர் பெரும்பாலும் பயந்திருப்பவர் என்பதை உணர்ந்துகொண்டால், அவர் செய்கையின் கூர்மை ஓரளவு மழுங்கிவிடும்.

சட்டத்தின் பார்வையில் நோட்டீஸ் காலம் என்பது இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஓர் ஒப்பந்தத்தின் கடைசிப் பகுதி. அதற்கு முந்தைய நாட்களில் ஊழியருக்கு என்னென்ன மரியாதையும் உரிமையும் இருந்தனவோ, அவை யாவும் அதன் இறுதி நாள் வரை தொடர்கின்றன. 1947-ம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்த ஊழியரைத் தக்க காரணமின்றியும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ கொடுக்காமலும் நீக்கக் கூடாதென்று முதலாளியைக் கட்டுப்படுத்துகிறது. ஊழியர் கொடுக்கவேண்டிய நோட்டீஸ் பெரும்பாலும் நியமன ஆணையில் எழுதப்பட்டிருக்கும். ஆகவே இராஜிநாமாவை எழுதுவதற்கு முன் அந்த ஆணையை ஒருமுறை நிதானமாக வாசிப்பது அவசியம். நோட்டீஸ் நாட்களுக்கு ஈடாகப் பணம் கட்டி விலக அதில் இடமிருந்தால், அதுவே சில சமயம் மன நிம்மதிக்கு மலிவான விலையாக அமையும். இஷ்டமில்லாத ஒருவரை வலுக்கட்டாயமாக வேலையில் நிறுத்திவைக்க எந்த நீதிமன்றமும் ஆணையிடாது; நோட்டீஸ் காலம் குறைந்ததற்கு நியாயமான நஷ்ட ஈடு கேட்கலாம், அவ்வளவுதான். இனி எந்தப் போட்டி நிறுவனத்திலும் சேரக் கூடாது என்று எழுதி வாங்கப்படும் நிபந்தனையும், வேலை முடிந்த பிற்காலத்தைப் பொறுத்தவரை, 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 27-ம் பிரிவின்படி செல்லத்தக்கதன்று. கதவோரத்து நாற்காலியையும் பறித்து நிற்க வைக்கும் ஜவுளிக் கடைகள் போன்ற இடங்களுக்கு, ஊழியர் உட்கார வசதி செய்து தரவேண்டுமென்று தமிழ்நாடு 2021-ல் செய்த சட்டத் திருத்தமும் இருக்கிறது. நோட்டீஸ் கொடுத்தவருக்கு அது பொருந்தாதென்று அதில் எங்கும் எழுதப்படவில்லை.

பணத்தை நிறுத்திவைப்பதே பலரும் கையாளும் பெரிய அஸ்திரமாகையால், அதைப் பற்றிச் சற்று விரிவாகத் தெரிந்துகொள்வது நல்லது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பு, நீக்கப்பட்டவருக்கு மட்டுமின்றித் தாமாக விலகியவருக்கும், சேரவேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டுமென்கிறது. 'ஃபுல் அண்ட் ஃபைனல்' கணக்கு முடிய 45 நாள் ஆகும் என்று வழக்கமாகச் சொல்லப்படும் பதில், ஊதியத்தைப் பொறுத்தவரை இனி நியாயமான பதிலாகாது. ஐந்தாண்டு தொடர்ந்து உழைத்தவருக்குப் பணிக்கொடை உண்டு. ஆண்டொன்றுக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்ற கணக்கில், மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்துக் கணிக்கப்படும் அத்தொகை, கடைசியாக 26,000 ரூபாய் பெற்று எட்டு ஆண்டு உழைத்த ஒருவருக்கு 1,20,000 ரூபாயாகும். முப்பது நாளுக்குள் கொடுக்கப்படவேண்டிய இத்தொகையை, இராஜிநாமா செய்தார் என்ற காரணத்துக்காக யாரும் மறுக்க இயலாது. வருங்கால வைப்புநிதிக் கணக்கும் ஊழியருக்கே உரியது. வேலையை விட்ட தேதியை நிறுவனம் பதிவு செய்யாமல் இழுத்தடித்தால், இரண்டு மாதம் கழித்து அவரே இணையத்தில் அதைப் பதிவு செய்துகொள்ளும் வசதி 2020 முதல் இருந்துவருகிறது.

இவற்றுக்கெல்லாம் மேலான கொடுமை, சில தனியார் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் வேலைக்குச் சேரும்போதே அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு, விலகும்போது அவற்றைத் தர மறுப்பது. படித்துப் பெற்ற சான்றிதழ் அடகுப் பொருளன்று. முடிந்தவரை அசலைக் காட்டிவிட்டு நகலை மட்டும் கொடுப்பதும், கொடுக்க நேர்ந்துவிட்டால் பெற்றுக்கொண்டதற்கு எழுத்து மூலமான ரசீது வாங்கிவைப்பதும், புதிதாக உத்தியோகம் தேடும் ஒவ்வொரு செவிலியும் ஆசிரியரும் கற்றுக்கொள்ளவேண்டிய முதற்பாடம்.

உரிமைகளைத் தெரிந்துகொண்டபின், அன்றாடம் நடந்துகொள்ளும் முறையைப் பற்றி யோசிக்கலாம். நமக்கு நேரும் சிறுமைகளை இரண்டாகப் பிரித்துக்கொள்வது சிலாக்கியம். சம்பளம், விடுப்பு, சான்றிதழ், விலகும் தேதி ஆகியவற்றைத் தொடுபவை ஒரு வகை. முகத்தைத் திருப்பிக்கொள்வது, கூட்டத்துக்கு அழைக்காமலிருப்பது, காதில் விழும்படி குத்திப் பேசுவது போல மனத்தை மட்டும் தொடுபவை மற்றொரு வகை. பின்னதற்குப் பதில் சொல்லாமலிருப்பதே பதில். நாம் கலங்குவதைக் காண்பதற்காகவே செய்யப்படும் காரியம், நாம் கலங்காதபோது அர்த்தமிழந்துபோகிறது. முன்னதற்கோ மௌனம் உதவாது. அங்கே எழுத்துத்தான் வேண்டும். வாய்ப்பேச்சில் "அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிடும் அதிகாரி, எழுத்தில் அப்படிச் சொல்ல யோசிப்பார். "ஐயா, நான் கொடுத்த இராஜிநாமாவின்படி என் கடைசி வேலை நாள் இம்மாதம் முப்பதாம் தேதி. முன்பே அனுமதித்திருந்த விடுப்பு இரத்து செய்யப்பட்டிருப்பதாக இன்று வாய்மொழியாக அறிந்தேன். அதற்கான காரணத்தை எழுத்தில் தெரிவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று நான்கு வரி மின்னஞ்சல் போதும். அதில் குற்றச்சாட்டு வேண்டாம், பழங்கதை வேண்டாம். தேதியும் விஷயமும் இருந்தால் போதுமானது. அத்தகைய கடிதங்களின் பிரதியையும், சம்பளச் சீட்டுகளையும், நியமன ஆணையையும் சொந்த இடத்தில் பத்திரப்படுத்திக்கொள்ளலாம். நிறுவனத்தின் வியாபார இரகசியங்களையோ வாடிக்கையாளர் பட்டியலையோ தொடுவது மட்டும் கூடவே கூடாது. நம் பக்கத்து நியாயம் முழுவதையும் அந்த ஒரு தவறு அழித்துவிடும்.

வேலை ஒப்படைப்பு இன்னும் முக்கியமானது. நம்மை அவமதிக்கிறார்களே என்ற ஆத்திரத்தில், செய்யவேண்டிய வேலையைப் பாதியில் விடுவதும், அடுத்து வருபவருக்குச் சொல்லவேண்டியதை மறைப்பதும் இயல்பாக எழும் எண்ணங்கள்தாம். ஆனால் அதனால் துன்பப்படப்போகிறவர் சிறுமை செய்த அதிகாரியல்லர். நம் நாற்காலியில் வந்து அமரப்போகும் ஒன்றும் அறியாத இளைஞர். எந்த வேலை எந்த நிலையில் இருக்கிறது, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, யாரிடமிருந்து என்ன வரவேண்டியிருக்கிறது என்பதை ஒரு குறிப்பாக எழுதி, கணினியையும் அடையாள அட்டையையும் ஒப்படைத்ததற்கு ரசீது வாங்கிக்கொண்டு வெளியேறுபவர்மீது, பின்னாளில் யாரும் பழி சுமத்த இயலாது. ரிலீவிங் லெட்டரைத் தாமதப்படுத்தினாலும், இராஜிநாமா ஏற்கப்பட்ட கடிதமும் சம்பளச் சீட்டுகளும் வைப்புநிதிப் பதிவும் அவர் உழைத்ததற்குச் சாட்சி சொல்லும். புதிய நிறுவனத்தாரிடம் நிலைமையை முன்கூட்டியே சொல்லிவைத்தால், பெரும்பாலோர் புரிந்துகொள்வர்.

எழுதியும் பயனில்லாமல், சம்பளமோ சான்றிதழோ கைக்கு வரவில்லையென்றால், மாவட்டத்திலுள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தை நாடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்களுக்காக மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி வகுப்பினருக்கும், தொழிலாளர்களுக்கும், குறைந்த வருமானமுள்ளவர்களுக்கும் 1987-ம் ஆண்டின் சட்டப்படி அங்கே இலவச உதவி கிடைக்கும். 15100 என்ற எண்ணில் அழைத்தும் விவரம் கேட்கலாம்.

முதலாளிமாருக்கும் மேலதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். விடைபெறுபவர் எப்படி நடத்தப்படுகிறார் என்பதை, தங்கியிருப்பவர்கள் ஒவ்வொருவரும் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். நாளை நமக்கும் இதுதான் என்று தமக்குள் முடிவு செய்துகொள்கிறார்கள். நல்ல வார்த்தை சொல்லி வழியனுப்பப்பட்ட ஊழியர் வெளியே அந்த நிறுவனத்தின் பெயரைக் காப்பாற்றுவார். தகுதியுள்ள நண்பர்களை அங்கே அனுப்பிவைப்பார். காலம் கூடிவந்தால் தாமே திரும்பியும் வருவார். இத்தனை பயன்களையும் ஒரு மாதத்துக் கோபத்துக்காக இழப்பது எந்த வியாபாரக் கணக்கிலும் இலாபமாகாது. ஊழியரும், தாம் செய்யவேண்டிய கடமையைக் குறைவின்றிச் செய்து, தமக்கு வரவேண்டியதை எழுத்தில் கேட்டு, மற்றதைப் பொருட்படுத்தாமல் அந்த நாட்களைக் கடந்துவிட வேண்டும். உழைப்பை விற்றோமேயன்றிச் சுயமரியாதையை விற்கவில்லை என்ற தெளிவு அவருக்கு இருக்குமாயின், அதைப் பறிக்கும் அதிகாரம் எந்த மேலதிகாரிக்கும் இல்லை.